இரவல் குரல்: ஆங்கில மறுமலர்ச்சி நாடகமும் பெண்ணின் பேச்சும்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கிழவி, சூனியக்காரி என்ற குற்றச்சாட்டின் பேரில், லாரன்ஸ் டான்ஃபீல்டு என்னும் சட்ட வல்லுநர்முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டாள். இரண்டு மூன்று பேரை மந்திரத்தால் கொன்றாள் என்பது வழக்கு. சாட்சியம் வலுவில்லாமல் இருக்கவே, நீ என்ன சொல்கிறாய் என்று அவளையே கேட்டார் டான்ஃபீல்டு. கிழவி நடுநடுங்கி அவர்முன் விழுந்தாள். எல்லாம் உண்மைதான், இனிச் செய்யமாட்டேன், இரக்கம் காட்டுங்கள் என்று மன்றாடினாள். எப்படிக் கொன்றாய் என்று கேட்டபோது, குற்றம் சாட்டியவர்களில் ஒருவன் முந்திக்கொண்டு, கறுப்பு நாய் வடிவிலோ பூனை வடிவிலோ உன் ஏவற்பேயை அனுப்பினாய் அல்லவா என்று அடியெடுத்துக் கொடுத்தான். ஆம் என்றாள். அடுத்த கேள்விக்கும் ஆம் என்றாள். அவள் வாயாலேயே வந்துவிட்டது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கூடியிருந்தோர் நிறைவடைந்தனர்.

அங்கே டான்ஃபீல்டின் ஒரே மகளும் இருந்தாள். அவளுக்கு வயது ஏறக்குறையப் பத்து. கிழவியின் கண்ணில் இருந்த அச்சத்தைச் சிறுமி கண்டுகொண்டாள். தந்தையின் காதோடு காதாக ஒன்று சொன்னாள். அதன்படி அவர் கிழவியைக் கேட்டார்: ஜான் சைமண்ட்ஸ் என்பவரையும் நீதான் மந்திரத்தால் கொன்றாயா? ஆம் என்றாள் கிழவி. அதற்கும் ஒரு கதை சொன்னாள். ஜான் சைமண்ட்ஸ் சிறுமியின் மாமன். அந்தக் கூட்டத்திலேயே உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அவையினர் சிரித்தனர். பின்னர்தான் உண்மை வெளிவந்தது. ஒப்புக்கொண்டால் இரக்கம் கிடைக்கும், மறுத்தால் தொல்லை என்று அவளை மிரட்டியிருந்தார்கள். கிழவி விடுதலை பெற்றாள்.

அந்தச் சிறுமியே பின்னாளில் எலிசபெத் கேரி என்று அறியப்பட்டவர். ஆங்கிலத்தில் சொந்தமாக நாடகம் எழுதி, அது அச்சேறக் கண்ட முதல் பெண் அவர். மேற்கண்ட நிகழ்ச்சியைச் சொல்பவர், துறவு பூண்டு காம்ப்ரே நகரின் மடத்தில் வாழ்ந்த அவருடைய மகள்களுள் ஒருவர். 1640களில் தாயின் வாழ்க்கையை எழுதிவைத்தவர். மகள் தாயைப் புகழ எழுதிய நூல்தான். ஆயினும் இந்த ஒரு காட்சியில் அக்கால இங்கிலாந்தின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பெண் பேசுகிறாள்; அவள் வாயில் இருப்பவை பிறர் ஊட்டிய சொற்கள். இன்னொரு பெண்ணிடம் உண்மையான சொல் இருக்கிறது. அதைச் சொல்ல அவளுக்குத் தந்தையின் வாய் வேண்டியிருக்கிறது.

1570களில் லண்டனில் நிலையான நாடகக் கொட்டகைகள் எழுந்தது முதல், 1642இல் நாடாளுமன்றம் அவற்றை மூடியது வரை, ஆங்கில மேடையில் பெண் பேசிய ஒவ்வொரு சொல்லும் இத்தகைய இரவல் ஏற்பாட்டில் பிறந்ததே. ஆண் எழுதினான், பெண்வேடம் பூண்ட சிறுவன் பேசினான். போர்ஷியாவும் டெஸ்டிமோனாவும் மக்பெத் சீமாட்டியும் கிளியோபாத்ராவும் முதன்முதலில் உலகைக் கண்டது குரல் முற்றாத இளைஞர்களின் உடலில்தான். ஸ்திரீபார்ட் என்ற சொல்லை வழங்கிய தமிழ் நாடக மரபுக்கு இது புதுமையன்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளையும், ஒளவை வேடத்தால் பெயரே ஒளவை சண்முகம் என்று மாறிய டி.கே. சண்முகத்தையும் அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வர். அதே காலத்து இத்தாலியில் இசபெல்லா ஆந்த்ரேயினி போன்ற நடிகையர் ஐரோப்பியப் புகழ் பெற்றிருந்தனர். ஸ்பெயினிலும் பெண்கள் மேடையேறினர். இங்கிலாந்தில் மட்டும் தொழில்முறை மேடை பெண்ணுக்கு அடைத்தே இருந்தது. கொட்டகையில் அமர்ந்து பார்க்கவோ தடையில்லை. காசு கொடுத்து வந்த பெண்கள் ஏராளம். நாடகக்காரர்கள் அவர்களையும் மனத்தில் கொண்டே எழுதினார்கள் என்பதை மறத்தலாகாது.

மேடைக்கு வெளியே பெண்ணின் நாவுக்கு என்ன மதிப்பு இருந்தது? திருமணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட உருவம் கிடையாது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டம். அவள் கணவனால் ‘மூடப்பட்டவள்’. அவளுடைய அசையும் பொருள்கள் அவனுடையவை. கணவன் இன்றி அவள் வழக்குத் தொடுக்கவும் இயலாது. 1563ஆம் ஆண்டின் திருச்சபை அறவுரைத் தொகுதியில் திருமணம் பற்றிய உரை ஒன்றும் உண்டு. மனைவி அடங்கி நடக்க வேண்டும், கணவன் கடிந்தாலும் பொறுக்க வேண்டும் என்று அது பல தலைமுறைக்குக் கோயில்தோறும் ஓதப்பட்டது. கற்பு, மௌனம், பணிவு ஆகிய மூன்றும் ஒரே அறத்தின் மூன்று பெயர்கள் என்றே ஒழுக்க நூல்கள் போதித்தன. திறந்த வாய் உடையவளுக்கு வாசலும் திறந்தே இருக்கும் என்பது அவற்றின் தருக்கம். ஓயாது சண்டையிடும் வாயாடிப் பெண் என்பது வசவு மட்டுமன்று. குற்றத்தின் பெயரும் ஆகும். அதற்குத் தண்டனையாக நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்குவார்கள். சில ஊர்களில் நாவை அழுத்தும் தகட்டோடு கூடிய இரும்புக் கூட்டைத் தலையில் பூட்டித் தெருவில் நடத்துவார்கள். வாய்ப்பூட்டு என்று தமிழில் உருவகமாகச் சொல்வது அங்கே கொல்லன் அடித்துக் கொடுத்த பொருளாக இருந்தது. இந்தக் குற்றம் ஆங்கிலச் சட்டத்திலிருந்து முறையாக நீங்கியது 1967இல்தான்.

இந்தப் பின்னணியில்தான் ஷேக்ஸ்பியரின் ‘அடங்காப்பிடாரியை அடக்குதல்’ நாடகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1590களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்த இன்பியலில் பெட்ரூக்கியோ தன் மனைவி கேத்தரினாவை அடிப்பதில்லை. பட்டினி போடுகிறான், உறங்க விடுவதில்லை, புதிய ஆடையைக் குறைகூறித் திருப்பி அனுப்புகிறான், எல்லாம் அவள்மேல் உள்ள அன்பினால் என்கிறான். வேட்டைப் பருந்தைப் பழக்கும் முறை இது என்று தானே பெருமையாக விளக்கவும் செய்கிறான். நண்பகலில் காயும் கதிரவனை நிலவு என்று அவன் சொன்னால் அவளும் நிலவு என்று சொல்ல வேண்டும். சூனியக்காரி என்று சொல்லப்பட்ட கிழவியின் ‘ஆம்’ எப்படிப் பெறப்பட்டதோ, கேத்தரினாவின் ‘ஆம்’ அப்படியே பெறப்படுகிறது. அங்கே அவையினர் முதலில் திருப்தி அடைந்து பிறகு சிரித்தார்கள். இங்கே தொடக்கம் முதலே சிரிப்பதற்காக அமர்ந்திருக்கிறார்கள்.

நாடகத்தின் இறுதியில் கேத்தரினா மனைவியின் கடமையைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்துகிறாள். அவ்வுரை 44 அடிகள். நாடகத்திலேயே மிக நீளமானது அதுதான். வாயாடியை அடக்கிவிட்டேன் என்று மெய்ப்பிக்க விரும்பிய கணவன் அவளை மௌனமாக நிற்கச் சொல்லவில்லை. விருந்தினர்முன் பேசச் சொல்கிறான். அடங்கிய பெண்ணின் அடக்கத்தை அறிவிக்கவும் அவள் நாவே தேவைப்படுகிறது. அதை ஏளனத் தொனியில் பேசும் நடிகையரும் உண்டு. உடைந்துபோன குரலில் பேசுவோரும் உண்டு. இரண்டுக்கும் பாடம் இடம் தருகிறது என்பதே உண்மை. இன்னொன்றும் நோக்கத்தக்கது. நாடகத்தின் முன்னுரைக் காட்சியில் குடிகாரத் தகரவேலைக்காரன் ஒருவனை ஏமாற்ற, பிரபுவின் ஏவலாளாகிய சிறுவன் ஒருவனுக்குப் பெண்ணுடை அணிவித்து, இவளே உன் மனைவி, பணிவே வடிவானவள் என்று உட்காரவைக்கிறார்கள். பணிவான மனைவி என்பவள் ஒரு வேடம், அதைச் சிறுவனுக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டுத்தான் கதை நகர்கிறது. ஷேக்ஸ்பியர் இதைத் திட்டமிட்டாரா என்ற கேள்விக்கு விடை தேடுவது வீண். காட்சி அங்கே இருக்கிறது.

அக்காலத்தவருக்கே இந்நாடகம் உறுத்தியது என்பதற்குச் சான்று உண்டு. 1611ஐ ஒட்டி, ஷேக்ஸ்பியரோடு பின்னர் இணைந்து எழுதிய ஜான் ஃபிளெட்சர் இதற்கு மறுமொழியாக ஒரு நாடகம் எழுதினார். அதில் கேத்தரினா இறந்துவிட்டாள். பெட்ரூக்கியோ மரியா என்பவளை மணக்கிறான். அவளோ திருமண நாளன்றே மாடியில் அரண் அமைத்துக்கொண்டு, தன் நிபந்தனைகளை ஏற்கும்வரை கதவைத் திறக்க மறுக்கிறாள். ஊர்ப்பெண்களும் நாட்டுப்புறப் பெண்களும் துணைக்குத் திரண்டு வருகிறார்கள். பெட்ரூக்கியோ செத்தவன்போல் சவப்பெட்டியில் படுத்துப் பார்க்கிறான். மரியா அவன் சாவுக்காக அழாமல், வீணாக்கிய அவன் வாழ்வுக்காக அழுகிறாள். இரு பாலார்க்கும் சமநிலை கற்பிப்பதே நோக்கம் என்று முடிவுரை கூறுகிறது. 1633 நவம்பரில் இரண்டு நாடகங்களும் இரண்டு நாள் இடைவெளியில் முதலாம் சார்லஸ் மன்னர்முன் நடிக்கப்பட்டன. ஷேக்ஸ்பியரின் நாடகம் விரும்பப்பட்டது என்றும், ஃபிளெட்சரின் நாடகம் மிகவும் விரும்பப்பட்டது என்றும் நாடகக் கண்காணிப்பு அலுவலர் ஹென்றி ஹெர்பர்ட் குறித்துவைத்தார். காலம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. ஃபிளெட்சரின் மரியாவை இன்று ஆய்வாளர் அன்றி அறிந்தவர் சிலரே. கேத்தரினாவோ 1963இல் ‘அறிவாளி’ திரைப்படத்தில் பானுமதியின் உருவில் தமிழகம் வரை வந்து சேர்ந்தாள்.

இன்பியலில் பட்டினியோடு முடிவது துன்பியலில் நெருப்பில் முடியும். 1551இல் கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷாம் நகரில் தாமஸ் ஆர்டன் என்பவர் மனைவி ஆலிஸின் சூழ்ச்சியால் கொலையுண்டார். மனைவியைக் கொன்ற கணவனுக்கு, மற்ற எந்தக் கொலைக்கும் போலவே, தூக்கு. கணவனைக் கொன்ற மனைவியின் செயலோ 1352ஆம் ஆண்டுச் சட்டப்படி கொலையினும் மேற்பட்டது. அது சிறு இராஜத்துரோகம். வீடு ஒரு குட்டி அரசு, கணவன் அதன் மன்னன் என்பதே அதன் பொருள். ஆலிஸ் கான்டர்பரியில் உயிரோடு எரிக்கப்பட்டாள். இதை வைத்து 1592இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நாடகம் அவளைக் கண்டிக்கிறது, ஐயமில்லை. ஆயினும் மனத்தால் ஏற்காத திருமணம் வெறும் சொற்கட்டுதானே என்று அவளை வாதாட விடுகிறது. நீதிமன்றம் கேட்டிருக்க முடியாத வாதம் அது; கொட்டகை கேட்டது.

சூனியக் குற்றமும் அவ்வாறே. எலிசபெத் சாயர் என்னும் ஏழைக் கிழவி 1621 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டாள். அதே ஆண்டில் ரௌலி, டெக்கர், ஃபோர்டு மூவரும் இணைந்து ‘எட்மண்டன் சூனியக்காரி’யை மேடையேற்றினர். சுள்ளி பொறுக்கப் போனவளை நிலக்காரன் அடிக்கிறான், அவள் சபிக்கிறாள், சாபச் சொல்லைக் கேட்டே பேய் நாய் வடிவில் வருகிறது. ஏழ்மையும் கூனலும் உடையவளாக இருப்பதால்தானே ஊரார் நாவின் அழுக்கையெல்லாம் என்மேல் கொட்டுகிறார்கள் என்று அவள் கேட்கும் இடம் நெஞ்சைத் தொடுவது. சிறுமி கேரியின் முன் நின்ற கிழவிக்கு ஒரு சிறுமி கிடைத்தாள். சாயருக்குத் தூக்குமேடைக்குப் பிறகே ஒரு நாடகம் கிடைத்தது.

கைம்பெண்ணின் நிலை சற்று வேறு. கணவன் இறந்ததும் சட்டம் அவளுக்குச் சொத்தையும் தன் பெயரையும் மீட்டளித்தது. அதனாலேயே அவளைப் பற்றிய அச்சமும் மிகுந்தது. வெப்ஸ்டரின் ‘மால்ஃபி கோமகள்’ நாடகத்தின் கரு இதுவே. தன் அரண்மனை மேலாளரைத் தானே தேர்ந்து, தானே பேசி மறைவில் மணக்கிறாள் கோமகள். உடன்பிறந்தோர் இருவரும் அவளைச் சித்திரவதை செய்து கொல்கின்றனர். 1623இல் அச்சான படியில் நடிகர் பட்டியல் இருக்கிறது. கோமகளாக நடித்தவன் ரிச்சர்டு ஷார்ப் என்னும் இளைஞன்.

பேச்சுக்கு உயிரையே விலையாகத் தரும் பெண்ணைக் காண ‘ஒதெல்லோ’வின் இறுதிக் காட்சிக்குப் போக வேண்டும். நாடகம் முழுவதும் எமிலியா பணிவான மனைவி. கணவன் இயாகோ விரும்பினான் என்பதற்காகவே தலைவியின் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவள். டெஸ்டிமோனா கொலையுண்டு கிடக்கையில், அந்தக் கைக்குட்டையே கொலைக்குக் காரணமாயிற்று என்று உணர்கிறாள். கணவன் அவளை வாயை மூடச் சொல்கிறான். வீட்டுக்குப் போகச் சொல்கிறான். அவள் அங்குள்ள பெரியோரிடம் பேச அனுமதி கேட்கிறாள். அவனுக்குக் கீழ்ப்படிவதே முறை, ஆனால் இப்போது அன்று என்கிறாள். மௌனமும் பணிவும் கற்பின் உறுப்புகள் என்ற பாடத்தை அவள் மறுக்கவில்லை. இந்த ஒரு கணத்துக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்கிறாள். அந்த ஒரு கணத்தில் உண்மை முழுதும் வெளிவருகிறது. இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். அந்தக் காட்சியில் ஆண்கள் பலர் இருக்கிறார்கள், ஆயுதமும் அதிகாரமும் உள்ளவர்கள். அவர்களில் எவராலும் வெளிக்கொணர முடியாத உண்மை அது.

1610 செப்டம்பரில் இந்நாடகம் ஆக்ஸ்போர்டில் நடந்தபோது பார்த்த ஹென்றி ஜாக்சன் என்னும் கல்லூரிப் புலவர் இலத்தீனில் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. டெஸ்டிமோனா தன் வழக்கைத் திறம்பட எடுத்துரைத்தாள். ஆயினும் கொலையுண்டு கட்டிலில் கிடந்தபோதுதான், முகத்தாலேயே பார்ப்போரின் இரக்கத்தை வேண்டி, மிகுதியாக உருக்கினாள் என்று அவர் எழுதுகிறார். நடித்தவன் சிறுவன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் பெண் என்றே குறிப்பிடுகிறார். அது நடிப்பின் வெற்றி. எமிலியாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. கற்றறிந்த பார்வையாளரை உருக்கியவள் பேசாமல் கிடந்த பெண்.

மேடைக்கும் தெருவுக்கும் இடையிலிருந்த கோட்டை ஒருமுறை ஒரு பெண் தாண்டினாள். மேரி ஃபிரித் என்பவள் ஆணுடை அணிந்து, புகைபிடித்து, லண்டன் தெருக்களில் திரிந்தவள். திருட்டுக் குற்றங்களிலும் பெயர் அடிபட்டவள். மிடில்டனும் டெக்கரும் அவளைத் தலைவியாக்கி எழுதிய ‘ஆர்ப்பரிக்கும் பெண்’ 1611இல் அச்சாயிற்று. திருமணம் என்றால் தலையை இழப்பது என்று கூறி மணம் மறுக்கும் துணிச்சல்காரி அந்த நாடகத்து மோல். அந்த மோலாக நடித்தவனும், வழக்கம்போல, ஒரு சிறுவன். அவளே சில நாளில் மேடைக்கு வருவாள் என்று முடிவுரையில் ஒரு விளம்பரமும் இருக்கிறது. ஃபார்ச்சூன் கொட்டகையில் ஆணுடையோடு மேடைமேல் அமர்ந்து யாழ் போன்ற லூட் என்னும் கருவியை மீட்டிப் பாடியதாக 1612 ஜனவரியில் திருச்சபை நீதிமன்றத்தில் அவள் ஒப்புக்கொண்டதும் பதிவாகியுள்ளது. அடுத்த மாதம் பவுல் சிலுவைத் திடலில் மக்கள்முன் நின்று அவள் பிராயச்சித்தம் செய்ய நேர்ந்தது. அழுது புலம்பினாளாம்; ஆனால் அது மதுவின் அழுகை என்று பின்னர் ஐயம் எழுந்ததாக அக்காலத்துக் கடிதம் ஒன்று குறும்பாகச் சொல்கிறது. பெண்ணுடை அணிந்த ஆண்பிள்ளைகள் நாள்தோறும் பணம் சம்பாதித்த அதே மேடையில், ஆணுடை அணிந்த பெண் பாடினால் குற்றம். 1620இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், குட்டை முடியும் அகன்ற தொப்பியுமாகத் திரியும் பெண்களைக் கண்டித்துப் பிரசங்கிக்குமாறு லண்டன் குருமாருக்குக் கட்டளையே பிறப்பித்தார்.

இனி எலிசபெத் கேரியிடம் திரும்பலாம். சிறுவயதில் இரவில் படிக்கத் தாய் மெழுகுவர்த்தி தர மறுத்ததால், வேலைக்காரர்களிடம் கடனுக்கு வாங்கிப் படித்தவர் அவர். பன்னிரண்டு வயதில் அந்தக் கடன் 100 பவுனாக ஏறியிருந்தது என்றும், திருமண நாளில் அதைத் தீர்த்தார் என்றும் மகள் எழுதுகிறார். 1602இல் ஹென்றி கேரிக்கு மணமுடிக்கப்பட்டார். கணவன் வெளியூரில் இருக்க, மாமியார் வீட்டில் வாழ்ந்த காலத்தில் மாமியார் அவரை அறையில் அடைத்துப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டார். படிக்க வழியற்றபோது எழுதத் தொடங்கினார் என்று வரலாறு கூறுகிறது. மாமியார் கொடுமைக்கு இலக்கியம் கடன்பட்ட அரிய நிகழ்ச்சி இது.

‘மரியமின் துன்பியல்’ 1602இல் ஆங்கிலமான யோசேபஸின் யூத வரலாற்றைத் தழுவியது. மரியம் என்பவள் மகா ஏரோதுவின் மனைவி. கிறிஸ்து பிறந்த கதையில் வரும் அதே ஏரோது. (இந்நாடகத்தின் சலோமி ஏரோதுவின் தங்கை, தலை கேட்டு நடனமாடிய சலோமி வேறு.) ரோமாபுரி சென்ற ஏரோது இறந்துவிட்டான் என்ற வதந்தியோடு நாடகம் தொடங்குகிறது. மரியம் தனித்து நின்று பேசும் தொடக்கமே பெண் பொதுவெளியில் குரலெழுப்புவது பற்றிய தன்விசாரணை. தன் பாட்டனையும் உடன்பிறந்தானையும் கொன்ற கணவன் ஒழிந்தான் என்று மகிழ்வதா, கணவன் என்று அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் இல்லாத அந்தச் சில மணி நேரத்தில், ஊரே மூச்சு விடுகிறது. ஏரோதுவின் தம்பி தான் விரும்பிய அடிமைப்பெண்ணை மணக்கத் துணிகிறான். சலோமி, ஆணுக்கு இருக்கும் மணவிலக்கு உரிமை பெண்ணுக்கு ஏன் இல்லை என்று வெளிப்படையாகக் கேட்கிறாள். அவள் கணவனுக்கு அது உலகமே தலைகீழானதுபோல் தோன்றுகிறது.

இங்கே கேரியின் கைத்திறம் கவனத்துக்குரியது. நாடகத்தின் மிகத் துணிந்த வாதத்தை நாடகத்தின் மிகக் கொடிய பாத்திரத்தின் வாயில் வைத்தார். அச்சமா, தந்திரமா? இரண்டும் இருக்கலாம். சலோமிக்கு எதிர்முனையில், அன்பன் கெஞ்சிக் கேட்டாலன்றிப் பேசாத அந்த அடிமைப்பெண் நிற்கிறாள். யோசேபஸ் பெயர் தராத அவளுக்குக் கேரி கிராஃபினா என்று பெயரிட்டார். எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ஆய்வாளர் சிலர் இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். வாய் திறவாதவளின் பெயரில் எழுத்து ஒளிந்திருக்கிறது.

இரண்டு எல்லைக்கும் நடுவில் மரியம். ஏரோது உயிரோடு திரும்புகிறான். அவன் அழகில் மயங்கும் கணவன். ஒரு புன்னகை போதும், அவள் உயிர் தப்பும். தான் இறந்தால் அவளையும் கொன்றுவிட வேண்டும் என்று அவன் கட்டளையிட்டுச் சென்றதை அவள் அறிந்திருக்கிறாள். மனத்தில் இல்லாத சிரிப்பை முகத்தில் காட்ட மறுக்கிறாள். சலோமி ஏவிய நஞ்சுக் கிண்ணச் சூழ்ச்சி, கற்புப் பற்றிய பழி, தலை துண்டிப்பு என்று அடுத்தடுத்து வருகின்றன. குழுப்பாடகர் திருச்சபையின் குரலில் தீர்ப்புச் சொல்கிறார்கள்: மனைவி உடலை மட்டுமன்று, மனத்தையும் கணவனுக்குக் கொடுத்துவிட்டவள்; பிறர் செவிக்குத் தன் எண்ணத்தைச் சொல்பவளும் கற்பில் குறைந்தவளே. மரியமும் தன் கற்போடு பணிவும் சேர்ந்திருக்க வேண்டும் என்று இறுதியில் வருந்துகிறாள். இதோடு நின்றால் ஒழுக்க நூலுக்கும் நாடகத்துக்கும் வேறுபாடில்லை. ஆனால் அவள் மரணத்தைத் தூதன் விவரிக்கும்போது, அவள்மேல் பொய் சொன்ன பணியாள் யூதாசைப் போல் மரத்தில் தூக்கிட்டுக்கொள்கிறான். மூன்றே நாளில் என்னை உயிர்ப்பிக்க மன்னன் ஏங்குவான் என்று சொல்லி அவள் சாகிறாள். கிறிஸ்தவ வாசகருக்கு இக்குறிப்புகள் எவருடைய மரணத்தை நினைவூட்டும் என்பதைக் கேரி அறியாதவர் அல்லர். குழுப்பாடகர் ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்கிறது.

இந்த நாடகம் கொட்டகைக்காக எழுதப்பட்டதன்று. வீட்டில் வாசிக்கத்தக்க வடிவம் உடையது. மேடையில் நடிக்கப்பட்டதற்கு அக்காலச் சான்று இல்லை. பெண் எழுதி, பெண்ணின் பேச்சையே பொருளாகக் கொண்ட நாடகத்துக்குச் சிறுவனின் இரவல் குரலும் வாய்க்கவில்லை. 1612இல், கேரிக்கு எழுத்துப் பயிற்றுவித்த ஹெர்ஃபோர்டு ஜான் டேவிஸ் என்ற கவிஞர், எழுதியதை அச்சுக்குத் தராமல் மறைத்துவைப்பதாக அவரையும் வேறு இரு சீமாட்டிகளையும் அன்போடு கடிந்துகொண்டார். அடுத்த ஆண்டே மரியம் அச்சேறியது. தலைப்புப் பக்கத்தில் இருந்தவை பெயரின் முதலெழுத்துகள் மட்டும். கேரியின் எழுத்துகளுள் ஒன்று நாத்தனாரின் அறையிலிருந்து திருடி அச்சிடப்பட்டது என்றும், அவரே முயன்று அதைத் திரும்பப் பெறச் செய்தார் என்றும் மகள் குறிப்பிடுகிறார். அது மரியமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

அவருடைய பின்வாழ்க்கை நாடகத்தைவிடக் கடுமையானது. பதினொரு பிள்ளைகள். கணவனின் அயர்லாந்துப் பதவிச் செலவுக்காகத் தன் சீதன உரிமையை அடகுவைத்தார். அதற்காகத் தந்தை அவரைச் சொத்திலிருந்து விலக்கினார். 1626இல் கத்தோலிக்க மதம் தழுவியது வெளிப்பட்டபோது கணவன் பிள்ளைகளைப் பிரித்து, செலவுக்குப் பணத்தையும் நிறுத்தினான். அரசரின் மந்திராலோசனைச் சபை ஜீவனாம்சம் தர ஆணையிட்டும் அவன் எளிதில் இணங்கவில்லை. 1639இல் அவர் இறந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து நாடகக் கொட்டகைகளும் மூடப்பட்டன. மன்னராட்சி மீண்டபின் 1660 டிசம்பர் 8ஆம் நாள் லண்டனில் ‘ஒதெல்லோ’ நடந்தது. இன்று டெஸ்டிமோனாவாக வருபவள் உண்மையான பெண் என்று ஒரு முன்னுரை அவையோருக்கு அறிவித்தது. ஆங்கிலத் தொழில்முறை மேடையில் முதலில் நடித்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. இன்னார் என்று இரண்டு மூன்று பெயர்களை ஊகிக்கிறார்கள். 1670இல் அஃப்ரா பென் எழுதிய முதல் நாடகம் மேடையேறியது. கட்டாயத் திருமணமே அதன் பொருள். அவர் எழுத்தை நம்பிப் பிழைத்தார்.

மரியமின் 1613ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு தாள் இருந்தது. அதில் தன் நாத்தனாருக்கு, பெயரையும் உறவையும் சொல்லி, ஆசிரியர் பாடிய காணிக்கைக் கவிதை இருக்கிறது. எழுதியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தாள் அது ஒன்றே. எஞ்சியுள்ள படிகளுள் மிகச் சிலவற்றில்தான் அது இருக்கிறது, மற்றவற்றிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது. 1914இல் நாடகம் மறுபதிப்புக் கண்டது. 1994இல் பிராட்ஃபோர்டு நகரில் மேடையேறியபோது, மரியமின் தொடக்க உரையை ஒரு பெண் பேசினார்.